பாதி வழியில் நிறுத்துகிறவன்

திருகோணமலை,
உட்துறைமுக வீதி.
1960 மார்ச் 6

பேசாலைக் கடலுக்கு முடிசூடப் போயிருக்கும் இளவரசரும், திருகோணமலைத் துறைமுகத்தைத் தவிக்க விட்டுப்போன மகாபாதகருமாகிய பேணாட் அவர்களின் சமுகத்துக்கு, கயிறு பிடிக்கும் சூசைப்பிள்ளை தெண்டனிட்டு எழுதிக்கொள்வது.

நான் சுகம். துறைமுகம்தான் சுகமில்லை. நீ பஸ் ஏறிய அன்றே மீன்கள் கூட்டம் கூடித் துக்கம் அனுட்டித்தன. சண்டைக் காலத்தில் மூழ்கித் தாண்ட நம்முடைய கப்பல், நீ வந்து பித்தளை கழற்றாத கவலையில் இன்னும் ஒரு முழம் சேற்றுக்குள் இறங்கிவிட்டது. நம்மை வேலைக்கு வைத்த கொந்தராத்துக்காரர், நீ கடலடிக்கு மாட்டிக்கொண்டு இறங்குகிற செப்புத் தொப்பியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். நான் மூடியைத் திறந்து பார்த்தேன். வெள்ளைக்காரன் போன நாளிலிருந்து நீ அதற்குள் விட்ட மூச்செல்லாம் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. நம்பாதவன் வாயில் உப்பு.

இனி விஷயம். உன்னோடு பஸ் ஏறுமுன் உன் அம்மா கோயில் வாசலில் சொன்னதை என் தங்கச்சி இன்பமலர் கேட்டு வந்தாள். பேசாலையில் உனக்குப் பெண் பார்த்தாயிற்றாம். பெயர் எல்சியாம். இப்போது தவக்காலம். பாஸ்குத் திருநாள் கழிந்ததும் கோயிலில் கலியாண அறிவிப்பு வாசிப்பார்களாம். பிறகு நீ அங்கேயே தங்கிச் சங்கு குளிப்பாயாம்.

பெண்ணில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளைக் கண்டு வெட்கப்பட்டு மன்னார்ப் பக்கம் நிலவு வருவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். என் கேள்வி அவளுடைய தமையனைப் பற்றியது. குளிக்கிறவனின் கயிற்றைப் பெண்சாதியின் சகோதரன்தான் பிடிக்க வேண்டும், தங்கச்சி தாலி இழக்க அவன் விடமாட்டான் என்பது உன் அம்மா பகுதியாரின் சட்டம். அப்படியென்றால் அந்தப் பெடியன் இப்போதே பிடிக்கத் தொடங்கியிருப்பான். எப்படிப் பிடிக்கிறான்? வெற்றிலைக் கையோடா? யாரோடும் கதைத்துக்கொண்டா? நீ அடியில் இருக்கும்போது நான் இயேசுநாதர் வந்தாலும் திரும்பிப் பார்க்கிறதில்லை. அவருக்கு அது தெரியும். அதனால் வருவதில்லை.

பதில் போடு. போடாவிட்டால் கடலை இறைத்துவிட்டு நடந்தே வருவேன்.

சூசைப்பிள்ளை


பேசாலை
1960 மார்ச் 13

சூசையண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

எல்சியின் தமையன் பெயர் பற்றிக். நல்ல பெடியன். வெற்றிலை போடுவதில்லை. இங்கே தொப்பியும் இல்லை, காற்றடிக்கிற பம்பும் இல்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி இறங்குகிறேன். கயிற்றைச் சுண்டினால் ஒரே இழுவையில் மேலே எடுக்கிறான். எடுக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போவேன்.

உங்களைப் போலப் பாதி வழியில் நிறுத்துவதில்லை. அங்கே ஒவ்வொரு முறையும் என்னைத் தண்ணீருக்கு நடுவில் தொங்கவிட்டுப் பிறகுதான் எடுப்பீர்கள். நான் குளிரில் விறைப்பேன். ஏன் என்று கேட்டால் சுருட்டுப் பற்றவைத்தேன் என்றீர்கள். இன்னொரு நாள் திமிங்கிலத்தின் பெண்சாதிக்கு வழி விட்டேன் என்றீர்கள். தொங்கிக்கொண்டு நான் கயிற்றை ஒருமுறை சுண்டுவேன். நீங்களும் ஒருமுறை சுண்டுவீர்கள். இருக்கிறேன் என்று.

இங்கே சீக்கிரம் மேலே வந்துவிடுகிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

அம்மாவுக்கு இருமல் கூடிவிட்டது. "உன்ர கயிறு மச்சான் கையில இருக்கிறதைப் பாத்திட்டுத்தான் நான் கண்ணை மூடுவன்" என்கிறா. என்ன சொல்லி மறுக்கிறது? நீங்கள் எனக்கு அண்ணையும் இல்லை, மச்சானும் இல்லை. கேட்டால் யார் என்று சொல்வேன்?

இடுப்பில் இந்தப் புதுக்கயிறு வேறு இடத்தில் அறுக்கிறது. பழைய தழும்பு அப்படியே இருக்கிறது.

பேணாட்


திருகோணமலை
1960 மார்ச் 20

பேணாட்டுக்கு,

ஈரேழு பதினாலு உலகமும் வாயை மூடிக் கேட்கட்டும். சூசைப்பிள்ளை யோசித்துவிட்டான். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. யோசித்த சூட்டில் குசினிக் கூரை கருகிவிட்டது.

சட்டத்தை மீறச் சொல்லி நான் உன் அம்மாவிடம் கேட்கப்போவதில்லை. சட்டத்துக்குள்ளேயே போய் உட்காரப்போகிறேன். எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். நீ அவளைக் கட்டினால் நான் உனக்கு மச்சான். கயிறு என் கையில். கோயிலும் கடலும் உன் அம்மாவும் சாட்சி. எங்கள் வளவில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் வீடு போடலாம். இனி எந்தப் பிசாசும் வந்து "நீ ஆர்?" என்று கேட்க ஏலாது.

அவளிடம் கதைத்தேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆர்? பேணாட்டோ? அந்த ஊமையோ?"

"ஓம்."

"உனக்கு வேணுமெண்டாச் செய்யிறன் அண்ணன். எனக்கு வேணுமோ எண்டு நீ கேக்கேல்லையே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மீனைத் திருப்பிப் போட்டு மற்றப் பக்கமும் செதில் தட்டினாள். இதை உனக்கு எழுதலாமா விடலாமா என்று இரண்டு முறை பேனையைக் கீழே வைத்தேன். எழுதிவிட்டேன்.

நான் எழுதாததையும் நீ வாசிப்பாய் என்று தெரியும். சேறு கலங்கின தண்ணீரில் தடவித் தடவி வேலை செய்கிறவன் நீ.

சூசைப்பிள்ளை


பேசாலை
1960 ஏப்ரில் 3

சூசையண்ணைக்கு,

அவவிடம் கேளுங்கள். வேணுமோ என்று கேளுங்கள். கேட்காமல் நான் வரமாட்டேன்.

நான் அவவை அடிக்க மாட்டேன். குடிக்க மாட்டேன். உழைத்துக் கொடுப்பேன். அதற்கு மேலே எதைக் கொடுக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதை எழுத வேண்டாம்.

போன கிழமை ஒன்று நடந்தது. அடியில் ஒரு சங்கைக் கையில் எடுத்துக்கொண்டு, மேலே இருப்பது பற்றிக் என்பதை மறந்து, கயிற்றை ஒருமுறை சுண்டினேன். நீங்கள் பதிலுக்குச் சுண்டுவீர்கள் என்று காத்திருந்தேன். அவன் இழுத்துவிட்டான். சங்கு கைநழுவிப் போயிற்று. வள்ளத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவ அழுதா. பிறகு, "சூசையின்ர தங்கச்சியெண்டா கயிறு சூசையின்ர கையில. சரி" என்றா. எல்சி வீட்டார் என்னோடு கதைப்பதில்லை. பற்றிக் வந்து தன் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். அந்தப் பெண்ணுக்கு நான் செய்தது சரியில்லை.

இன்பமலர் ஓம் என்றால் தந்தி அடியுங்கள். பாஸ்குவுக்கு வருகிறேன்.

பேணாட்


திருகோணமலை
1964 ஓகஸ்ட் 9

மச்சான்,

நான் இன்பமலரைக் கட்டின பிறகு நாலு வருடம் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினோம். எழுத ஒன்றும் இருக்கவில்லை. இப்போது தம்பலகாமத்துக்குக் கடிதம் போட வேண்டியிருக்கிறது. நீ சொல்லாமல் போனாய்.

நடந்ததை நானே எழுதுகிறேன். நீ எழுதினால் பெருப்பித்துவிடுவாய். ஆனி மாதம் நான் கப்பலுக்குள் இருந்தேன். இன்பத்துக்கு வலி கண்டுவிட்டது என்று கரையிலிருந்து ஆள் வந்தது. நீ என்னை இழுத்தாய். அன்றைக்கு மட்டும் நிறுத்தவில்லை. வேகமாக வந்தேன். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வாசற்படியில் என் இடது கால் மடங்கியது. விறைப்பு இரண்டு கிழமை இருந்தது, போய்விட்டது. குளிர்தான். வேறு ஒன்றும் இல்லை. பிள்ளை சுகமாகப் பிறந்தாள். மாகிரட் என்று பெயர் வைத்தோம். ஞானஸ்நானத்துக்கு நீதான் தொட்டப்பன்.

பிறகு நீயும் இன்பமும் கோயிலுக்குப் போனீர்கள். திரும்பி வந்து கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினாய். மறுநாள் உன் பாயைக் காணவில்லை.

கயிற்றுக்காகத் தங்கச்சியைத் தந்தாய். இப்போது தங்கச்சிக்காகக் கயிற்றை விட்டாய். நடுவில் நான் யார்?

கயிறு ஆணியில் கிடக்கிறது. ஒருவரும் தொடுவதில்லை. நானும் தொடுவதில்லை.

பேணாட்


தம்பலகாமம்
1964 ஓகஸ்ட் 17

அன்புள்ள மச்சானுக்கு,

தம்பலகாமத்துச் சக்கரவர்த்தி எழுதுவது. இங்கே என் படை முப்பதாயிரம் கொக்கு. யானைகள் ராத்திரி வயலுக்கு வந்து, என் குறட்டையைக் கேட்டு, தங்களைவிடப் பெரிய ஒன்று உள்ளே படுத்திருக்கிறது என்று திரும்பிப் போகின்றன. பகலில் ட்ராக்டர் பின்னால் நடக்கிறேன். சேறு முழங்கால் மட்டும். எங்கே பார்த்தாலும் தண்ணீர், ஆனால் அதற்குள் ஒருவரும் இல்லை.

பகிடி இவ்வளவுதான் வருகிறது.

கோயிலில் நடந்ததைச் சொல்கிறேன். இன்பம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மாதா பீடத்துக்கு முன்னால் இருந்தாள்.

"அண்ணன், உங்கட ரெண்டு பேற்ற கயித்துக்கு நான் முடிச்சோ?"

நான் எழும்பப் பார்த்தேன்.

"முடிச்சு இண்டைக்குக் கதைக்குது. கேளு. அவர் படியில விழேக்க நான் வலியோட பாத்தனான். கயித்தை விடு. நீ விட்டா அவரும் விடுவார். உனக்காகத்தான் அவர் இறங்கிறவர்."

அவளுக்கு எல்லாம் தெரியும், பேணாட். எப்போதிருந்து என்று நான் கேட்கவில்லை. கலியாணத்துக்கு முன் வேணுமோ என்று கேட்டபோது என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து ஓம் என்றாளே, அப்போதே தெரிந்திருக்கும்.

பீடத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். பெண்சாதியின் தமையன் கீழே வைத்த கயிற்றை வேறு ஒருவன் தொடக்கூடாது. அதுவும் உன் அம்மாவின் சட்டம். ஆகவே நீ கரையில் இருப்பாய். உயிரோடு இருப்பாய். ஒரே வளவிலேயே இருந்துகொண்டு நீ கடலைப் பார்ப்பதைப் பார்க்க என்னால் ஏலாது. அதனால் வந்துவிட்டேன்.

நடுவில் நீ யார் என்று கேட்டாய். கடிதத்தில் எழுத வேண்டாம் என்று சொன்னவனும் நீதான்.

சூசை


திருகோணமலை
1965 ஜனவரி 10

மச்சான்,

போன மாதத்துச் சூறாவளிக்குப் பிறகு உன் கடிதம் ஒன்றும் வரவில்லை. தம்பலகாமத்தில் செத்தவர்களின் பெயர்களைக் கேட்டுப் பார்த்தேன். உன் பெயர் இல்லை.

எங்கள் கூரை போயிற்று. பிள்ளையை மேசைக்கு அடியில் வைத்துக் காப்பாற்றினோம். உன் வீட்டில் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. ஆணியில் கிடந்த கயிறு அப்படியே இருக்கிறது. காற்று அதைக்கூடத் தொடவில்லை.

துறைமுகம் முழுக்க வள்ளங்கள் தாண்டு கிடக்கின்றன. வழியைத் துப்புரவாக்க ஆள் வேண்டும். கொந்தராத்துக்காரர் வந்து கேட்டார். ஓம் என்றுவிட்டேன். வருகிற திங்கட்கிழமை அல்ல, அதற்கு அடுத்த திங்கள் இறங்குகிறேன். அப்துல் மஜீத் காக்கா கயிறு பிடிப்பார்.

இன்பம் என்னோடு கதைப்பதில்லை. அம்மா செத்து இரண்டு வருடம். அவவின் சட்டமும் அவவோடு போயிற்று.

ஆறு மாதம் கரையில் இருந்து பார்த்தேன். வலை தைத்தேன். பிள்ளையைத் தூக்கினேன். சிரித்தேன். அது நான் இல்லை, மச்சான். நான் இருப்பது கயிற்றில்தான். அதை உன்னைவிட யாருக்குத் தெரியும்?

நீ வந்தால் கயிறு உனக்கு. மஜீத் காக்காவிடமும் சொல்லிவிட்டேன்.

பேணாட்


தம்பலகாமம்
1965 ஜனவரி 16

பேணாட்,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. கண்டி வீதியெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது. கப்பல்துறைக் கிராமம் வரைக்கும் நடந்து போய், அங்கிருந்து ஏதாவது லொறியில் தொற்றிக்கொண்டு திங்களுக்குள் வந்துவிடலாம். அனுமார் மாதிரி ஒரே தாவலில்கூட வரலாம்.

வரமாட்டேன். வந்தால் பிடிப்பேன். உன் தொப்பியின் திருகை முறுக்கிவிட்டு, கண்ணாடிக்குள்ளால் நீ என்னைப் பார்ப்பாய் அல்லவா, அந்தப் பார்வைக்கு முன்னால் மாதாவும் சத்தியமும் என் கையில் நிற்காது. அதனால் கால்களைத் தூணோடு கட்டிப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். தூண் ஆடுகிறது.

இறங்காதே. கெஞ்சிக் கேட்கிறேன். பகிடி இல்லை, கோபம் இல்லை, சக்கரவர்த்தியும் இல்லை. கயிறு பிடித்த சூசைப்பிள்ளை கேட்கிறான். உன் மகளுக்கு எட்டு மாதம் ஆகவில்லை.

இறங்கியே தீருவேன் என்றால் ஒன்று மட்டும் ஆறுதல். மஜீத் காக்காவின் கை நல்ல கை. சுருட்டுப் பற்றவைக்க மாட்டார். திமிங்கிலத்துக்கு வழி விடமாட்டார். என்னைப் போலப் பாதியில் நிறுத்தி உன்னைக் குளிரில் விறைக்க விடமாட்டார். சுண்டினால் உடனே எடுப்பார்.

இந்தக் கடிதம் திங்களுக்கு முன்னால் வந்து சேரட்டும்.

சூசை


திருகோணமலை
1965 மே 23

சூசை,

இதை நானே எழுதுகிறேன். கைகள் நன்றாக இருக்கின்றன. இடுப்புக்கு மேலே எல்லாம் நன்றாக இருக்கிறது.

உன் ஜனவரிக் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து கொடுத்தார்களாம். நான் அப்போது ஆஸ்பத்திரியில். நீ வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனதாக நேர்ஸ் சொன்னா. உள்ளே ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டேன்.

மஜீத் காக்கா மேல் ஒரு பிழையும் இல்லை. நான் அடியில் கனநேரம் இருந்துவிட்டேன். பம்பின் கைப்பிடி உடைந்தது. அவர் ஒரே மூச்சில் இழுத்தார். வேறு என்ன செய்வார்? உயிரை மேலே கொண்டுவந்தார். கால்கள் கீழேயே நின்றுவிட்டன. அவர் கிழமைக்கு ஒருமுறை வந்து பக்கத்தில் இருந்து அழுகிறார். நான்தான் அவரைத் தேற்றி அனுப்புகிறேன்.

கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் வந்தார். ஆழத்தில் இருக்கிறவனை விறுக்கென்று எடுத்தால் இரத்தத்துக்குள் காற்று நுரைத்துவிடுமாம். மெல்ல மெல்ல, இடையில் நிறுத்தி நிறுத்தித்தான் எடுக்க வேண்டுமாம். ஏழெட்டு வருடம் இறங்கியும் எப்படித் தப்பினாய் என்று கேட்டார். முன்பு கயிறு பிடித்தது யார், அவருக்கு யார் இதைப் படிப்பித்தது என்றார். ஒருவரும் படிப்பிக்கவில்லை, அவன் சுருட்டுப் பற்றவைப்பான் என்றேன். அவர் சிரித்தார்.

பிறகு நாள் முழுக்க முகட்டைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்னிடமும் காக்காவிடமும் சொல்லியிருப்பாய். ஆனி மாதம் வேகமாக இழுத்திருக்கவும் மாட்டாய். அப்படியென்றால் ஏன் நிறுத்தினாய்? அவ்வளவு வருடமும் உன்னைத் திட்டினேன். இப்போது திட்டவில்லை. கேட்கிறேன். பொய் சொல்லாமல் எழுது.

உத்திரத்தில் ஒரு கயிறு கட்டியிருக்கிறோம். ஆணியில் கிடந்த அதே கயிறு. அதைப் பிடித்துத்தான் எழும்பி உட்காருகிறேன். மற்ற முனை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறது. சில நேரம் சும்மா ஒருமுறை சுண்டிப் பார்ப்பேன். கம்பி என்ன பதில் சொல்லும்?

நேற்று இன்பம் என்னைத் தூக்கப்போய் இரண்டு பேரும் விழுந்தோம். நிலத்திலேயே கிடந்து சொன்னாள்.

"எழுதுங்கோ. வரச்சொல்லுங்கோ. என்னால ஏலாது. அண்ணன்ர பாயை உங்கட அறையிலயே போடுறன். நான் பிள்ளையோட மற்ற அறையில படுப்பன்."

"உனக்கு?" என்று கேட்டேன்.

"இப்பதான் கேக்கிறியள்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப் போய் உலையை வைத்தாள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க ஒரு சொல் தேடுகிறேன். நீ சொற்கள் நிறைய வைத்திருக்கிறவன். ஒன்று கொண்டு வா.

பேணாட்


தம்பலகாமம்
1965 மே 30

பேணாட்,

சொற்களெல்லாவற்றையும் கொட்டித் தேடினேன். இன்பத்துக்குக் கொடுக்கக்கூடியது அதற்குள் ஒன்றும் இல்லை. வந்து அவளுக்குத் தண்ணீர் அள்ளுவேன், மீன் வெட்டுவேன், பிள்ளை தூக்குவேன். அவள் ஏசினால் கேட்டுக்கொண்டிருப்பேன். எவ்வளவு காலம் என்று நான் சொல்ல முடியாது. அதை அவள்தான் சொல்ல வேண்டும்.

இனி உன் கேள்வி.

திமிங்கிலம் பொய். சுருட்டும் பொய். உன்னைப் பிடித்திருக்கும்போது நான் ஒருநாளும் புகைத்ததில்லை.

அடியில் நீ கப்பலுக்குச் சொந்தம். மேலே வந்தால் கொந்தராத்துக்காரருக்கு, பம்புக்காரருக்கு, உன் அம்மாவுக்கு, பிறகு என் தங்கச்சிக்கு. வள்ளத்தில் உன் தொப்பியைக் கழற்றின கணத்திலிருந்து நீ எல்லோருடைய ஆளும். அடிக்கும் மேலுக்கும் நடுவில் தொங்குகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் உன் முழுப் பாரமும் என் இரண்டு கையிலும் இருந்தது. ஒருவருக்கும் தெரியாது. விட மனம் வரவில்லை. அதனால் நிறுத்தினேன். நீ குளிரில் விறைப்பது தெரிந்தும் நிறுத்தினேன். நீ சுண்டுவாய், நான் சுண்டுவேன். பிறகு உன்னை மற்றவர்களிடம் கொடுத்துவிடுவேன்.

அது உன்னைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்திருந்தால் மஜீத் காக்காவின் காலில் விழுந்து சொல்லியிருப்பேன். அது என் கள்ளத்தனம் என்றுதான் நினைத்தேன். கள்ளத்தனத்தை எவன் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்பான்? ஒரே ஒரு நாள்தான் தமையனாக நின்று இழுத்தேன். அன்றைக்கு உன் கால் மடங்கியது. அதற்குப் பயந்து ஓடினேன். ஓடின இடத்திலிருந்து, நல்ல கை, நிறுத்தாத கை என்று உனக்கு எழுதினேன். அந்தக் கடிதம் பிந்தி வந்ததில் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். யானைப்படை, கொக்குப்படை ஒன்றும் இல்லை. ஒரு பெட்டியும் ஒரு பாயும்தான்.

ஜன்னலில் கட்டின முனையை அவிழ்த்து வைக்கச் சொல்லு. உன்னை நான் மெல்லத்தான் எழுப்புவேன். பாதியில் நிறுத்துவேன். திட்டாதே.

சூசை